அடுப்படியில் உருகும் காரீயம்

தமிழில் சில சொற்கள் இரண்டு பொருள்களைத் தம்முள் அடக்கிக்கொண்டு, எது என்று சொல்லாமலே காலந்தள்ளி வருகின்றன. அவற்றுள் ஆபத்தானது எது என்று கேட்டால், 'ஈயம்' என்றே நாம் சொல்வோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் ஈயந்தான். துப்பாக்கியில் இடும் குண்டும் ஈயந்தான். முன்னது வெள்ளீயம், பின்னது காரீயம். வேதியியலில் இவை இரு வேறு தனிமங்கள். வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகும், காரீயம் 327 பாகையில். முன்னது உணவோடு உறவாடத் தக்கது. பின்னது எவ்வளவு குறைந்த அளவிலும் உடலுக்கு வேண்டாதது. அகராதியில் இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. பேச்சுக்கு வரும்போது முன்னொட்டு உதிர்ந்து, இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

குழப்பம் நம் காலத்தில் தோன்றியதன்று. ஆயுர்வேதத்தில் 'நாகம்' என்றால் காரீயம், 'வங்கம்' என்றால் வெள்ளீயம். சித்த மருத்துவத்தில் நாகம் துத்தநாகமாகிவிடும்; வங்கமோ வெள்வங்கம், கருவங்கம் என்று இரண்டாகப் பிரியும். 'காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல' என்று இன்றும் சொல்கிறோம். வேதம் கேட்ட சூத்திரனின் செவியை உருக்கிய உலோகத்தால் அடைக்கச் சொன்ன கௌதம தர்மசூத்திரம் அங்கே ஆளும் சொல் 'த்ரபு'. அது பெரும்பாலும் வெள்ளீயத்தைக் குறிப்பது. கொடுமைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அன்றாட வாழ்வில் இரண்டையும் ஒன்றாகக் கொள்வதன் விலையை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றியே இக்கட்டுரை.

இதை எழுதத் தூண்டியது ஒரு வாசிப்பு. அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டுகளை வீட்டிலேயே வார்த்துக்கொள்வது ஒரு பொழுதுபோக்கு. தபால்தலை சேர்ப்பதுபோல, தோட்டம் போடுவதுபோல, ஓய்வுநாளில் கார்க் கொட்டகையில் ஈயம் உருக்குகிறார்கள். கார்ச் சக்கரங்களின் சமநிலைக்காகப் பொருத்தும் எடைத்துண்டுகளைச் சேர்த்து உருக்கி, மேலே மிதக்கும் கசடை வழித்தெடுத்து, இரு பாதியாகத் திறக்கும் உலோக அச்சில் வார்த்து, ஆறியபின் உதிர்க்கிறார்கள். தூய காரீயம் நகத்தால் கீறக்கூடிய அளவு மென்மையானது. ஆகவே கடினத்துக்கு ஆன்டிமனியும், அச்சில் நன்கு படிவதற்கு வெள்ளீயமும் சேர்ப்பார்கள். இதற்கென அச்சு விற்கும் நிறுவனங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. அதற்கான கையேடுகளில் நம்மைக் கவர்ந்தது வார்க்கும் முறையன்று, அதற்கு முன் வரும் எச்சரிக்கைதான். காற்றோட்டம் வேண்டும், அந்த இடத்தில் உண்ணக்கூடாது, புகைக்கக்கூடாது, சமையல் பாத்திரத்தைத் தொடக்கூடாது, குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அருகில் வரக்கூடாது, வேலை முடிந்ததும் கையைக் கழுவி ஆடையைத் தனியே துவைக்க வேண்டும், அவ்வப்போது இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதித்துக்கொள்ள வேண்டும். வேடிக்கைக்காகச் செய்கிறவனுக்கு இத்தனை காவல்!

நம் நாட்டில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடமில்லை. 1878இல் லிட்டன் காலத்தில் வந்த ஆயுதச் சட்டமும், அதனிடத்தில் வந்த 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் துப்பாக்கியை மட்டுமன்றி அதன் குண்டையும் உரிமத்துக்குள் அடைத்துவிட்டன. அது நல்லது என்றே நாம் கருதுகிறோம். ஆனால் சட்டம் தடுப்பது குண்டை, ஈயத்தை அன்று. பொழுதுபோக்காக அல்ல, பிழைப்பாக, வீட்டு அடுப்பில் காரீயம் உருக்குகிறவர்கள் செங்கல்பட்டுக் கடற்கரையில் இருந்தார்கள், இருக்கிறார்கள்.

இந்தக் கரைக்கு ஈயம் கப்பலேறி வந்த பொருள். இந்தியாவில் செம்பும் ஈயமும் இல்லையென்றும், முத்தையும் மணிகளையும் கொடுத்தே அவற்றைப் பெறுகிறார்களென்றும் உரோமானிய அறிஞர் பிளினி எழுதினார். அது முழு உண்மையன்று. இராஜஸ்தானத்து ஜாவரில் பழங்காலத்திலேயே ஈயச் சுரங்கங்கள் இருந்தன. ஆனால் தென்கரைக்கு அது பொருந்தும். முசிறியில் இறக்குமதியான பொருள்களுள் ஈயத்தையும் 'எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்' சொல்கிறது. பாலாற்று முகத்துவாரத்தையொட்டிய வசவசமுத்திரத்தில் 1969-70இல் நடந்த அகழாய்வில் உரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. சோழமண்டலக் கரையில் கப்பல் உருவம் பொறித்த சாதவாகனர் காலத்து ஈயக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. தமிழில் 'வங்கம்' என்னும் சொல் உலோகத்தையும் குறிக்கும், கப்பலையும் குறிக்கும். இவ்விரண்டுக்கும் சொல்லுறவு உண்டு என்று நாம் வாதிட வரவில்லை. ஆயினும் வங்கத்தில் வந்த வங்கம் என்று எண்ணிப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு.

பிறகு அதே ஈயம் குண்டாக வந்தது. 1752இல் கிளைவ் கோவளத்தையும் செங்கல்பட்டுக் கோட்டையையும் அடுத்தடுத்துக் கைப்பற்றினார். 1780இல் பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படை பெய்லியின் படையை அழித்தபோது, மன்றோ செங்கல்பட்டு வழியாகவே சென்னைக்குப் பின்வாங்கினார். 1782இல் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் கடலில் பிரெஞ்சு, ஆங்கிலேயக் கப்பற்படைகள் மோதிக்கொண்டன. அக்காலத்து ஆங்கிலச் சிப்பாயின் மஸ்கட் துப்பாக்கிக்கு உரியது ஏறக்குறைய முக்கால் அங்குல விட்டமுள்ள ஈய உருண்டை. அதைச் செய்ய ஆலை தேவையில்லை. ஓர் அடுப்பு, ஓர் இரும்புக் கரண்டி, ஓர் அச்சு, இவை போதும். அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் அந்த அச்சை மாக்கல்லில்கூடக் குடைந்துகொண்டார்கள். மாமல்லபுரத்துக் கடைகளில் சிறு பிள்ளையாரும் யானையுமாக விற்கும் அதே மென்கல்தான். சூட்டுக்கு வெடிக்காது, உளிக்கு இணங்கும்.

இரும்பு உருக 1538 பாகை வேண்டும், செம்புக்கு 1085. அவற்றுக்கு உலையும் துருத்தியும், தலைமுறை தலைமுறையாகக் கற்ற கைகளும் வேண்டும். காரீயத்துக்குச் சோறு பொங்கும் அடுப்பே போதும். இந்த எளிமைதான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், மீனவர் வழக்குச் சொற்களைத் தொகுப்பதற்காக முதுகலை மாணவர்களோடு சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு குப்பத்துக்குச் சென்றிருந்தோம். காற்றின் பெயர்கள், நீரோட்டத்தின் பெயர்கள், வலைகளின் பெயர்கள் என்று ஏடு நிறைந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டின் தாழ்வாரத்தில் பெரியவர் ஒருவர் விறகடுப்பின்மேல் அடிகருத்த இரும்புச் சட்டியை வைத்துப் பழைய பேட்டரித் தகடுகளை உருக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரு பாதியாகப் பிளந்த அச்சு. உருகிய ஈயம் பாதரசம்போல் மின்னியது. பழுப்பும் மஞ்சளுமாகப் படர்ந்த ஏட்டை அவர் ஒரு கரண்டியால் ஒதுக்கி மண்ணில் தட்டினார். வார்த்து, ஆறவிட்டு, அச்சைத் திறந்ததும் விரல் நுனியளவு குண்டுகள் உதிர்ந்தன. அவருடைய பேத்தி, ஐந்து வயதிருக்கும், அவற்றைப் பொறுக்கி எண்ணித் தகர டப்பாவில் போட்டாள். வலையின் மேற்கயிற்றில் மிதவை; அடிக்கயிற்றில் இந்தக் குண்டு. நீரைவிடப் பதினொரு மடங்கு கனம் என்பதால் சிறு குண்டே வலையின் அடியை நேராக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கடலுப்புக்கு இரும்பைப்போல் துருப்பிடித்து உதிராது. சிறு குண்டுகளாயின் கயிற்றில் கோத்து, பல்லால் கடித்தே இறுக்கிவிடுவாராம். அதையும் செய்து காட்டினார்.

மாணவி ஒருத்தி பதறி, "தாத்தா, அது விஷம் தாத்தா, வாயில வைக்காதீங்க" என்றாள்.

அவர் சிரித்தார். "ஈயந்தானே பாப்பா! ஈயச் சொம்புல ரசம் வைக்கிறாங்க, குடிக்கிறாங்க. எங்க அப்பா காலத்துலேர்ந்து இப்டித்தான். ஒண்ணும் ஆவாது."

நாம் நின்றுவிட்டோம். அவர் சொன்னதில் தருக்கப் பிழை ஏதுமில்லை. பிழை சொல்லில் இருந்தது. ஒரே பெயருடைய இரு பொருள்களுள் ஒன்று நல்லதென்றால் மற்றதும் நல்லதாகத்தானே இருக்க வேண்டும்? "ஐயா, அது வெள்ளீயம், இது காரீயம், ரெண்டும் வேற வேற" என்றோம். அவர் சிறிது நேரம் யோசித்தார். "கடையில வாங்குனா காசு ஆவுது சார். பழைய பேட்டரி சும்மா கெடைக்குது. இதை விட்டா வேற என்ன வழி, நீங்களே சொல்லுங்க" என்றார். அந்தக் கேள்விக்கு நம் ஏட்டில் விடையில்லை. அடுத்த முறை போனபோது அடுப்பு தாழ்வாரத்திலிருந்து கொல்லைப்புறத்துப் பனையடிக்குப் போயிருந்தது. பேத்தி பள்ளிக்குப் போயிருந்தாள். கரண்டி மட்டும் பழைய கரண்டிதான்.

ஈயத்தின் தீங்கு உடனே தெரிவதன்று. சட்டியிலிருந்து எழும் ஆவியைவிட, வழித்துப்போட்ட அந்தக் கசடின் நுண்தூளே வீட்டுக்குப் பெரும்பகை. அது தரையில் படியும், ஆடையில் ஒட்டும், விளையாடும் குழந்தையின் விரல்வழி வாய்க்குப் போகும். உட்கொள்ளும் ஈயத்தில் பெரியவர் உடல் ஏற்பதைவிடப் பன்மடங்கு விழுக்காட்டைக் குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்கிறது. கால்சியம் என்று எண்ணி எலும்பு அதைச் சேமித்துவைக்கிறது. இரத்தத்தில் சில வாரங்களில் குறைந்துவிடும் ஈயம், எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். பெண் வளர்ந்து கருவுறும்போது அந்தச் சேமிப்பு கரைந்து அடுத்த தலைமுறைக்கும் போகும். காய்ச்சல் இல்லை, சொறி இல்லை. பாடம் ஏறாமை, கவனம் நில்லாமை, காரணமற்ற சினம், சோகை என்று வேறு பெயர்களில் அது வெளிப்படும். 'படிப்பு வரல' என்று ஒரு சொல்லில் நாம் கடந்துபோகும் பிள்ளைகளுள் எத்தனை பேர் உண்மையில் படிப்பு வராதவர்கள்? ஆசிரியப் பணியில் இருக்கும் நம்மை இந்தக் கேள்வி உறங்கவிடுவதில்லை.

பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருப்பதாக 2020இல் யுனிசெஃப், பியூர் எர்த் அமைப்புகளின் அறிக்கை மதிப்பிட்டது. அவர்களுள் சுமார் 27 கோடியே 50 இலட்சம் பேர் இந்தியக் குழந்தைகள். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது. எஞ்சிய வழிகளுள் முதன்மையானது பழைய பேட்டரி. கொலம்பியாவின் கார்ட்டஹேனா துறைமுக நகரில் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வாளர்கள், ஈயம் மிகுந்த பகுதிகளில் அதற்குக் காரணமாகச் சுட்டியது வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் வீட்டுத்தொழிலை. சதுரங்கப்பட்டினத்துத் தாழ்வாரமும் கார்ட்டஹேனாவின் முற்றமும் ஒரே சட்டியைத்தான் அடுப்பிலேற்றி வைத்திருக்கின்றன.

கடலை விட்டுச் சற்று உள்ளே வந்தால் பூஞ்சேரி. இங்கே நரிக்குறவர் வாழ்கிறார்கள். பாசிமணி, ஊசிமணியோடு அவர்களை அடையாளப்படுத்திய பொருள் ஒன்றுண்டு: வாய்வழி மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகும் வழியில் மணி விற்கும் முதியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டோம். "அது அப்போ சாமி. எங்கப்பன் ஈயத்தை உருக்கித் தகடா ஊத்துவான். பொடிசா வெட்டிக் கல்லு நடுவுல உருட்டுவோம், நான், என் அண்ணன், தங்கச்சி எல்லாரும். ரவை ஆயிடும்" என்றார். உருட்டிய கைகளாலேயே சோறும் உண்டார்களாம். சொல்லும்போது அவர் உள்ளங்கைகள் தாமாகவே ஒன்றன்மேல் ஒன்று வட்டமிட்டன.

மேலைநாட்டில் 1782இல் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாட்ஸ் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமை பெற்றார். உருகிய ஈயத்தைச் சல்லடை வழியே உயரத்திலிருந்து விழச் செய்தால், துளி விழும்போதே தன்னைத்தானே உருண்டையாக்கிக்கொள்ளும். அடியில் உள்ள நீரில் விழுந்து இறுகும். அதற்காகக் கோபுரங்கள் எழுந்தன. இங்கே கோபுரத்துக்குப் பதில் பிள்ளைகளின் உள்ளங்கை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அவர்களது வேட்டை குற்றமாயிற்று. பறவைகளுக்கு அது தேவையானதே. மனிதர்களுக்கு ஈடாக எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதே நம் வருத்தம். 2021இல் மாமல்லபுரத்துக் கோவிலொன்றில் அன்னதானப் பந்தியில் அமர இச்சமூகத்துப் பெண்ணொருவர் மறுக்கப்பட்டதும், அவ்வாண்டு நவம்பரில் முதலமைச்சர் பூஞ்சேரிக்கே வந்து பட்டா வழங்கியதும் செய்தியாயின. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டத்திருத்தம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. துப்பாக்கியைத் தடுக்கச் சட்டம் விரைந்து வந்தது. பந்தியில் இடம் கிடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

துப்பாக்கியின் மறுமுனையில் நிற்பது பறவை. செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் செங்கல்பட்டுக்கு நடந்துபோய்க் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டுப் பாதுகாப்பு ஆணை பெற்றார்கள். 1858இல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது; 1936இல் சரணாலயமானது; 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்று அம்மக்கள் அறிந்திருந்தார்கள். அவர்கள் அன்று அறியாத ஒன்று உண்டு: குண்டுபட்ட பறவை மட்டுமன்று, குண்டு தவறிய பறவையும் சாகலாம். வாத்து முதலிய நீர்ப்பறவைகள் இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்குபவை; சேற்றில் கிடக்கும் ஈய ரவையையும் கல்லென்று விழுங்கிவிடும். இரைப்பையில் அது அரைபட்டு நஞ்சாகும். இதனாலேயே அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை நாடெங்கும் தடைசெய்தது. தூண்டிலின் ஈயக்குண்டை விழுங்கி அன்னங்கள் மடிந்ததால் இங்கிலாந்து 1987இல் அக்குண்டுகளைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் ஈய ரவைக்கு 2023இலிருந்து தடை. அன்னத்துக்காக இங்கிலாந்து செய்ததைச் சதுரங்கப்பட்டினத்துப் பேத்திக்காக நாம் செய்யக்கூடாதா?

தடை மட்டும் போதாது என்பதும் நமக்குத் தெரியும். மாற்று இல்லாத தடை, நரிக்குறவருக்கு நேர்ந்ததையே மீனவர்க்கும் செய்யும். 2001இலும் 2022இலும் வந்த பேட்டரி விதிகள் பழைய பேட்டரியைப் பதிவுபெற்ற மறுசுழற்சிக்கே அனுப்பச் சொல்கின்றன. ஆயினும் தகடு குப்பத்துத் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தபடிதான் இருக்கிறது. ஆலையில் வார்த்த வலைக்குண்டுகளைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே, பழைய ஈயத்தைப் பெற்றுக்கொண்டு, கட்டுப்படியாகும் விலையில் கொடுக்கலாம். ஊர்தோறும் வார்ப்பதற்கென்று வீடுகளுக்கு அப்பால் ஒரு கொட்டகை அமைக்கலாம். குப்பத்துப் பிள்ளைகளின் இரத்தத்தை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கலாம். இவையெல்லாம் அரசும் சங்கங்களும் செய்ய வேண்டியவை.

தமிழ் படித்தவர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அது சிறியது, செலவில்லாதது. ஈயம் என்று மொட்டையாகச் சொல்வதை விட்டுவிடலாம். சொம்பை வெள்ளீயச் சொம்பு என்றும், வலையில் தொங்குவதைக் காரீயக் குண்டு என்றும் பிரித்துச் சொல்லலாம். பென்சிலின் நடுவில் இருப்பதைக் காரீயம் என்று இன்னும் சொல்கிறவர்கள் உண்டு. அது கரியின் ஒரு வடிவமான கிராஃபைட் என்று திருத்தலாம். பென்சிலைக் கடித்து வளர்ந்தவர்களுக்குக் காரீயம் அஞ்சத்தக்கதாகத் தோன்றாததில் வியப்பென்ன? கடையில் சொம்பு வாங்குகிறவர்களுக்குப் பழைய அறிகுறிகளையும் சொல்லித்தரலாம்: வெள்ளீயத்தை வளைத்தால் முனகும், காரீயம் ஓசையின்றி வளையும், தாளில் தேய்த்தால் கரிய கோடு விழும். ஆனால் சிறிதளவு கலப்பு இருந்தால் கண்ணும் காதும் போதா. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

'ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை' என்பது பழமொழி. எந்த ஈயத்தைப் பார்த்து என்று அது சொல்லவில்லை. பழமொழிக்கு அது தேவையுமில்லை. தாழ்வாரத்தில் குண்டு பொறுக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது தேவை. சொல்லிக் கொடுப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் நாம். இரண்டெழுத்து முன்னொட்டு ஒன்றைச் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதில் நமக்குக் குறைந்துபோவது ஒன்றுமில்லை.